சுமை இறங்கிய வழி

பதுளைக்கு இருப்புப்பாதை வந்தது 1924 இல். அதற்கு அரை நூற்றாண்டு முன்னர், ஊவாவின் கோப்பி எவ்வழியே கடலை அடைந்தது? அப்புத்தளையிலிருந்து மலையிறங்கி, பலாங்கொடையூடாக இரத்தினபுரிவரை தரைவழி, அங்கிருந்து களுகங்கையில் படகேறிக் களுத்துறை, பின்னர் கொழும்பு.

படகு செல்லும் வரை ஆறு சுமந்தது. ஆறில்லாத சரிவுகளிலோ வண்டிகளும் பொதிமாடுகளும் சுமந்தன. வண்டிப்பாதை எட்டாத தோட்டங்களிலிருந்து மூட்டைகளைத் தலைச்சுமையாக இறக்கியோர், தமிழகத்திலிருந்து நடந்தே மலையேறிய தொழிலாளர்.

பாதை வகுத்த அதிகாரிகளின் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. சுமந்தோர் பெயர்கள் எங்கே? அவர்தம் சந்ததியரை 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. அவர்களுள் இலங்கையில் எஞ்சியோருக்கு முழு உரிமை வழங்கும் சட்டம் 2003 இல்தான் பிறந்தது. ஊவாவின் பாதைகளைப் பற்றி எழுதுவோர், இந்த ஐம்பத்தைந்து ஆண்டுகளையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.