'ஆடு ஜீவிதம்' படத்தில் நஜீப் ஏன் ஓடிவிடவில்லை? கஃபாலா என்றால் என்ன?

மட்டாஞ்சேரியில் ஆட்டோ பிடித்தால் பத்து நிமிடத்தில் ஃபோர்ட் கொச்சி. 2020 மே 22 அன்று கொச்சி விமான நிலையத்தில் இறங்கிய நடிகர் பிருத்விராஜ் நேராக வந்தது இங்கேதான். வீட்டுக்கு இல்லை, கொரோனா தனிமைக்கு. 'ஆடு ஜீவிதம்' படப்பிடிப்புக்காக ஜோர்டானின் வாடி ரம் பாலைவனத்துக்குப் போன 58 பேர் கொண்ட குழு, ஊரடங்கால் சுமார் இரண்டு மாதம் அங்கேயே மாட்டிக்கொண்டது. இயக்குநர் ப்ளெஸ்ஸி கேரளத் திரைப்பட வர்த்தக சபையிடம் உதவி கேட்டார். அரசு தலையிட்டது. கடைசியில் சிறப்பு விமானம் வந்தது.

இவர்கள் யாருடைய கதையை எடுக்கப் போனார்களோ, அந்த மனிதருக்கு இதில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அவர் எங்கே இருக்கிறார் என்றே வீட்டில் யாருக்கும் தெரியாது.

படம் பார்த்துவிட்டு வந்த நண்பர்கள் பலர் கேட்டது ஒரே கேள்விதான்: "சரி, இவ்ளோ கஷ்டப்படுறாரே, முதல் வாரமே ஓடியிருக்கலாம்ல?" அதற்கான பதில் பாலைவனத்தில் மட்டும் இல்லை, காகிதத்திலும் இருக்கிறது.

யார் இந்த நஜீப்?

ஆலப்புழை மாவட்டம் ஆறாட்டுப்புழையைச் சேர்ந்தவர். 1990களின் தொடக்கத்தில் கடன் வாங்கி, ஏஜென்டை நம்பி சவுதிக்குப் போனார். போய்ச் சேர்ந்ததோ பாலைவனத்து ஆட்டுக் கிடைக்கு. பஹ்ரைனில் வேலை பார்த்துக்கொண்டிருந்த எழுத்தாளர் பென்யாமின் இவரைச் சந்தித்து, அந்த அனுபவத்தை அடிப்படையாக வைத்து எழுதிய மலையாள நாவல்தான் 'ஆடுஜீவிதம்' (2008). நாவலில் நஜீப் மூன்று ஆண்டுகளுக்கு மேல் அங்கே சிக்கியிருக்கிறார். 2009-ம் ஆண்டுக்கான கேரள சாகித்ய அகாடமி விருதை நாவல் பெற்றது.

படம் 2024 மார்ச் 28-ல் வெளியானது. இசை ஏ.ஆர். ரஹ்மான். இந்தக் கதாபாத்திரத்துக்காக பிருத்விராஜ் சுமார் 30 கிலோ எடை குறைத்தார். அந்த ஆண்டு அறிவிக்கப்பட்ட கேரள மாநிலத் திரைப்பட விருதுகளில் சிறந்த நடிகர், சிறந்த இயக்குநர் உட்பட 9 விருதுகள் இந்தப் படத்துக்குக் கிடைத்தன.

கஃபாலா எப்படி வேலை செய்கிறது?

வளைகுடா நாடுகளில் வெளிநாட்டுத் தொழிலாளியை வேலைக்கு அழைக்கும் முதலாளிக்கு 'கஃபீல்' என்று பெயர். ஸ்பான்சர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொழிலாளி அந்த நாட்டில் தங்கும் உரிமை இந்த ஒருவரோடு கட்டப்பட்டிருக்கும். இதுதான் கஃபாலா முறை.

நம்ம ஊரில் மேனேஜர் பிடிக்கவில்லை என்றால் பேப்பர் போட்டுவிட்டு வேறு கம்பெனிக்குப் போகலாம். பழைய கஃபாலாவில் வேலை மாற முதலாளியின் சம்மதம் வேண்டும். நாட்டை விட்டுக் கிளம்பவும் அவர் சம்மதம் வேண்டும். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம் என்றாலும், நடைமுறையில் அது சகஜம். இதையெல்லாம் மீறி ஓடினால், 'தொழிலாளி ஓடிவிட்டார்' என்று முதலாளி புகார் கொடுக்கலாம். சவுதியில் இதற்கு 'ஹுரூப்' என்று பெயர். அந்த நிமிடமே பாதிக்கப்பட்டவர் சட்டவிரோதக் குடியேறி ஆகிவிடுவார். சிறை, நாடு கடத்தல் எல்லாம் அதன் பிறகு வரும்.

ஆக, நஜீப் பாலைவனத்தைத் தாண்டினாலும் போய் நிற்க இடம் கிடையாது. மொழி தெரியாது, கையில் பாஸ்போர்ட் கிடையாது.

கதையின் முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம்.

தப்பி வந்து சிறையில் இருக்கும் நஜீபை, அடையாள அணிவகுப்பில் அந்த முதலாளி பார்க்கிறார். ஆனால் அழைத்துப் போகவில்லை. காரணம் இரக்கம் இல்லை. நஜீப் அவருடைய விசாவில் வந்த ஆளே கிடையாது, விமான நிலையத்திலிருந்து அவர் கடத்திக்கொண்டு போன ஆள். அவருடைய விசாவில் வந்திருந்தால், மறுபடியும் அதே கிடைக்குத்தான் போயிருக்க வேண்டும். அதாவது, முறையாக வந்திருந்தால் தப்பியிருக்கவே முடியாது.

இப்போது மாறிவிட்டதா?

ஓரளவு. 2021 மார்ச்சில் சவுதி கொண்டுவந்த சீர்திருத்தத்தில், தனியார் நிறுவன ஊழியர்கள் ஓராண்டு முடித்த பிறகு முதலாளியின் சம்மதம் இல்லாமல் வேலை மாறலாம், வெளியேறும் விசாவுக்கும் தாங்களே விண்ணப்பிக்கலாம் என்று வந்தது. ஆனால் வீட்டு வேலை செய்பவர்கள், ஓட்டுநர்கள், தோட்டக்காரர்கள், பண்ணைத் தொழிலாளர்கள், ஆடு மேய்ப்பவர்கள் அந்தச் சீர்திருத்தத்துக்குள் வரவில்லை. நஜீப் பார்த்த வேலையும் இதில் ஒன்று.

இந்தியாவில் என்ன பாதுகாப்பு?

குடிபெயர்வுச் சட்டம், 1983. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக 'ஈசிஆர்' என்ற குறிப்பு இருக்கும். இவர்கள் ஆறு வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி தேவை. சென்னை, கொச்சி, திருவனந்தபுரம் ஆகிய நகரங்களில் இந்த அலுவலகங்கள் இருக்கின்றன. ஓட்டை எங்கே என்றால், விசிட் விசாவில் அனுப்பிவிட்டால் இந்த அனுமதியே தேவைப்படாது. மோசடி ஏஜென்டுகளுக்குப் பிடித்த வழி இதுதான்.

வீட்டில் யாராவது கிளம்பினால் எதைப் பார்க்க வேண்டும்?

• ஏஜென்ட் பதிவு பெற்றவரா? மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தேடலாம்.
• கட்டணம் எவ்வளவு? சட்டப்படி அதிகபட்சம் 30,000 ரூபாய், கூடவே ஜிஎஸ்டி.
• விசா எந்த வகை? வேலைக்குப் போகிறவருக்கு விசிட் விசா என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.
• பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு இருக்கிறதா? இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய் பிரீமியத்தில் விபத்து மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய்.
• பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், முதலாளியின் பெயர், முகவரி: எல்லாவற்றின் போட்டோவும் வீட்டில் ஒருவரிடம் இருக்கட்டும்.

பட்டதாரியான உங்கள் பாஸ்போர்ட்டில் அநேகமாக ஈசிஆர் இருக்காது. சித்தப்பா மகனுடையதில் இருக்கலாம். இந்தப் படத்தை அவருக்குப் பரிந்துரைக்கும்போது, அவருடைய ஏஜென்டின் பெயரையும் ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள்.