விளிம்படித் துப்பாக்கித் திருத்தம்
தோட்டாவின் அடிவிளிம்பிலுள்ள வெடிபொருளை அடிமுள் நசுக்கித் தீமூட்டும் சிறுவிட்டச் சுடுகலன் விளிம்படித் துப்பாக்கி எனப்படும்; .22 அங்குல வகையே பெருவழக்கு. இந்தியா முழுவதும், 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றி இதை வைத்திருப்பதும் குழலைக் குறுக்குவதும் குற்றமாதலால், திருத்தம் என்பது பெரும்பாலும் கன்னந்தாங்கியை உயர்த்துதல், தோள்தட்டை நகர்த்துதல், மரக் கைப்பிடியை உள்ளங்கைக்கேற்ப அரத்தால் இழைத்தல் எனப் போட்டியாளரின் உடலுக்கு இசைவிப்பதாகவே அமைகிறது. விசையை விருப்பம்போல் இளக்கவும் இயலாது. 25 மீட்டர் கைத்துப்பாக்கிப் போட்டியில் விசையின் இழுப்பு 1,000 கிராமுக்குக் குறையலாகாது என்பதால், நடுவர் அவ்வெடைக்கல்லை விசையில் மாட்டித் துப்பாக்கியைத் தூக்கிப் பார்ப்பார். குழலை மாற்றுவதினும் அதற்கு ஒத்துவரும் தோட்டாத் தொகுதியைச் சுட்டுப் பார்த்துத் தேர்வதே பெரும்பாலும் கூடுதல் பயன் தரும். இந்தியத் துப்பாக்கி சுடும் வீரர்களுள் விஜய் குமார் 2012-இல் பெற்ற ஒலிம்பிக் வெள்ளியும், சுவப்னில் குசாலே 2024-இல் பெற்ற வெண்கலமும் இவ்வகைத் துப்பாக்கியால் வந்தவை.