மணலில் பிடித்த பாவை

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் தேதியை யாரும் எண்ணாகச் சொல்வதில்லை. "இன்னிக்கு எத்தனாவது பாசுரம்?" என்றுதான் கேட்பார்கள். இருபத்தேழு என்றால் கூடாரவல்லி. கோயிலில் நெய் சொட்டும் அக்காரவடிசில் உண்டு, தூக்குச்சட்டியோடு போக வேண்டும். நாளுக்கு ஒரு பாட்டு, முப்பது நாளுக்கு முப்பது. பனியில் பல் கிட்டிக்க எழுந்து, குளித்து, அன்றைய பாட்டைச் சொல்லிவிட்டு வந்தால்தான் காப்பி.

அந்தப் பாட்டுக்குப் பெயர் பாவை. பாவை என்றால் பொம்மை.

இன்று பொம்மைக்கு நாம் பொம்மை என்றே சொல்கிறோம். மலையாளத்தில் குழந்தை கையில் வைத்திருப்பது இன்னும் 'பாவ'தான். நம்மிடம் தோற்பாவைக்கூத்திலும் பாவை விளக்கிலும் பழம்பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொல்லிமலைப் பாவையைச் சங்கப் புலவர்கள் அழகுக்கு உவமையாகத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அப்படியே அழகான பெண்ணும் பாவை ஆனாள். கண்மணிக்குள் தெரியும் சிற்றுருவமும் பாவை. அந்தப் பாவையைப் பார்த்து, என் காதலிக்கு இடம் போதவில்லை, நீ வெளியே போ என்கிறான் திருக்குறளில் ஒருவன். லத்தீன்காரர்களும் கண்மணியைச் சிறுபெண் என்ற பொருள்பட 'பூப்பில்லா' என்றே அழைத்தார்கள். அடுத்தவர் கண்ணுக்குள் குட்டியாகத் தன்னையே பார்த்த எவருக்கும் தோன்றக்கூடிய பெயர்தானே.

பாவைகளில் எனக்குப் பிடித்தது வண்டற்பாவை. ஈர மணலில் பெண்பிள்ளைகள் பிடித்து விளையாடும் பொம்மை. ஐங்குறுநூற்றில், அம்மூவனார் பாடிய நெய்தல் பகுதியில், ஒரு பெண் கடற்கரையில் இப்படி ஒன்று செய்து வைக்கிறாள். அலை வந்து கொண்டுபோய்விடுகிறது. அவள் என்ன செய்கிறாள் தெரியுமா? மணலை அள்ளி அள்ளிக் கடலில் போடுகிறாள். கடலையே தூர்த்துவிடுவாளாம்!

விளையாட்டுப் பொம்மை நோன்புப் பொம்மையானது எப்படி? பரிபாடலில் வைகையைப் பாடும் பதினோராம் பாட்டில் ஒரு காட்சி இருக்கிறது. மழை ஓய்ந்த குளிர்காலம், ஆதிரை நாள். மூத்த பெண்கள் முறை சொல்லிக்கொடுக்க, கன்னிப்பெண்கள் விடியற்காலையில் நீராடுகிறார்கள். அம்பா ஆடல் என்று அதற்குப் பெயர். அம்பா என்றால் தாய். பாகவதத்திலோ, பனிக்காலத்தின் முதல் மாதத்தில் ஆயர்பெண்கள் யமுனைக்கரை மணலில் காத்யாயனியின் உருவத்தைப் பிடித்து வைத்து வழிபடுகிறார்கள். மணலும் ஆறும் குளிரும் பெண்பிள்ளைகளும் இங்கேயும் உண்டு, அங்கேயும் உண்டு.

ஆண்டாளின் திருப்பாவையில் 'நம் பாவை' என்ற பேச்சு வருகிறது. பெண்கள் கூடும் 'பாவைக்களம்' வருகிறது. ஆனால் அந்தப் பாவையை எதில் செய்தார்கள், எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை கிடையாது. பொம்மை மங்கிவிட்டது, நோன்பு நிற்கிறது. நோன்பு என்ற சொல், பொறுத்துக்கொள்வதைக் குறிக்கும் 'நோல்' என்ற வினையிலிருந்து வந்தது. நெய் இல்லை, பால் இல்லை, கண்ணுக்கு மை இல்லை, தலைக்குப் பூ இல்லை. ஊருக்கு மழை வேண்டும், தங்களுக்குப் பறை வேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் தொடங்குகிறார்கள். இருபத்தெட்டாம் நாள் வரும்போது, மாடு மேய்க்கும் அறியாத குலத்தில் நீ வந்து பிறந்ததே எங்கள் புண்ணியம் என்கிறார்கள். மறுநாள், பறைக்காகவா வந்தோம், உனக்குப் பணி செய்தால் போதும் என்று முடித்துவிடுகிறார்கள். நாள்தோறும் சொல்லிச் சொல்லியே வேண்டுதல் கரைந்துபோகிறது. ஒரே மூச்சில் முப்பதையும் ஒப்பித்து முடிப்பவர்களுக்கு இது பிடிபடாது என்பது என் கட்சி.

மாணிக்கவாசகரின் திருவெம்பாவை இருபதே பாட்டு. முப்பது நாள் கணக்குக்குத் திருப்பள்ளியெழுச்சி பத்தையும் சேர்த்துக்கொள்கிறோம். பெயரிலேயே 'எம் பாவை' இருக்கிறது. அந்தப் பெயர் கப்பலும் ஏறியது. பாங்காக்கில் அரசவைப் பிராமணர்கள் இதே பனிக்காலத்தில் நடத்தும் சடங்குக்குத் திரியம்பவாய்-திரிபவாய் என்று பெயர். அந்தச் சடங்கில் ஆடுவதற்கான மாபெரும் ஊஞ்சல் 1784-இல் எழுந்தது. இன்று அதில் யாரும் ஆடுவதில்லை, சிவப்புத் தூண்கள் நிற்கின்றன. தாய்லாந்தில் ஒலிக்கும் இந்தத் தமிழைப் பற்றி எழுதியவர்களில் தனிநாயகம் அடிகளும் ஒருவர், கத்தோலிக்கக் குருவானவர். சொல்லின் ஓசை அக்கரை போய்ச் சேர்ந்தது. பொருள் போய்ச் சேரவில்லை.

பாட்டிலிருந்து நழுவிய அந்தப் பொம்மை எங்கே போயிற்று? நெல்லைச் சீமைக்குப் போய்ப் பாருங்கள். மார்கழி முழுக்க வாசல் கோலத்தில் சாணி உருண்டை வைத்து, அதில் பூசணிப்பூ செருகுவார்கள். பூவோடு அதை அன்றன்றே வரட்டியாகத் தட்டிக் காயவைப்பார்கள். தையில் சிறுவீட்டுப் பொங்கல். பெண்பிள்ளைகளுக்காக வாசலில் மண்ணால் ஒரு சின்ன வீடு கட்டி, பொங்கலிட்டுப் படைத்து, அந்த வரட்டிகளை ஆற்றுக்கு எடுத்துப்போவார்கள். ஒவ்வொன்றின் மேலும் சூடம் ஏற்றித் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். யாரும் அதைப் பாவை என்று சொல்வதில்லை.