டிராம்பே இணைப்பும் மாநகராட்சிக் கடன் கணக்கும்

1896-இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியதை அடுத்து, 1898-இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் தோற்றுவிக்கப்பட்டது. பின்னாளில் தமிழர் மிகுதியாகக் குடியேறிய மாதுங்கா அதன் திட்டங்களால் உருப்பெற்ற பகுதியாகும். இத்தகைய பணிகளுக்குக் கடன் பத்திரங்கள் வாயிலாகவும் பணம் திரட்டப்பட்டது. 1933-இல் டிரஸ்ட் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டபோது அதன் கடன்களும் மாநகராட்சியைச் சார்ந்தன. 1950-இல் டிராம்பே, செம்பூர் முதலிய புறநகர்ப் பகுதிகள் மாநகராட்சி எல்லைக்குள் வந்தன. அதுமுதல் அப்பகுதி மக்களின் வரியும் நகரின் பொது நிதியில் சேர்ந்தது; தாம் இணையுமுன் பெறப்பட்ட கடன்களுள் எஞ்சியவற்றுக்கும் அவ்வரி பொறுப்பேற்றது.

ஆகவே, கடன் கணக்கில் எவ்வாறு எழுதப்படுகின்றது என்பது இன்றியமையாத வினாவாகின்றது. ரொக்கக் கணக்கு முறையில் கடன்தொகை, பெற்ற ஆண்டின் வரவாகத் தோன்றும். பின்னர் வட்டியும் தவணையும் மட்டுமே செலவாகப் பதியப்படும். நிலுவை முழுவதையும் அறியத் தனி அட்டவணையை நாடவேண்டும். ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கும் கடன்தீர்ப்பு நிதி இக்குறையை ஓரளவே ஈடுசெய்தது. 2004-இல் வெளியான தேசிய நகராட்சிக் கணக்கியல் கையேடு, இரட்டைப் பதிவு முறையை வகுத்து, நிலுவைக் கடனை இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்பாகக் காட்டச் செய்தது. வருந்தலைமுறை தீர்க்கவேண்டிய கடனை வரி செலுத்துவோர் முன்னரே அறிய இயலுவது இம்மாற்றத்தின் தலையாய பயன் எனலாம்.