வாய்க்காலுக்கு இந்தப் புறம்

புதுவையின் பெரிய வாய்க்காலைத் தாண்டச் சில எட்டுகள் போதும். சிமெண்டுச் சாக்கடை, அவ்வளவுதான். பிரெஞ்சு ஆட்சியில் அதற்குக் கிழக்கே, கடல் பக்கம், வெள்ளை நகரம். மேற்கே கறுப்பு நகரம். இன்று ஊர் பார்க்க வருகிறவனுக்கு 'ஒயிட் டவுன்' தெரியும். பனியனில், ஹோட்டல் பலகையில், ஆட்டோக்காரர் வாயில் எல்லாம் அது இருக்கிறது. அதன் ஜோடிப் பெயரைத்தான் காணோம். ஜோடி போய்விட்டால் வெள்ளை என்பது மனிதனின் தோலைப் பற்றிய சொல்லாக இல்லாமல், சுவரின் சுண்ணாம்பைப் பற்றிய சொல்லாகிவிடுகிறது. அந்தச் சுவர்களில் பாதி மஞ்சள் என்பது வேறு விஷயம்.

அந்த வெள்ளையும் முழு வெள்ளையாக என்றுமே இருந்ததில்லை. மணக்குள விநாயகர் பிரெஞ்சுக்காரர்களுக்கு முன்பே அங்கே இருந்தவர். 1761இல் ஆங்கிலேயர் நகரைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765இல் அது திரும்பக் கிடைத்த பிறகு பழைய அடித்தளங்களின் மேல் மறுபடி எழுப்பியதைத்தான் நாம் தொன்மை என்று வியக்கிறோம். 1926இல் ஆசிரமம் ஏற்பட்ட பிறகு வங்காளியும் குஜராத்தியும் ஒரியாவும் அந்தத் தெருக்களில் கேட்கத் தொடங்கின.

மேற்குப் பக்கத்தையும் ஒரே ஊர் என்று சொல்லிவிட முடியாது. வெள்ளாளர் வீதி, செட்டித் தெரு என்று சாதியை வைத்தே தெருவுக்குப் பெயர். மிஷன் வீதியில் சம்பா கோயில். தெற்கே காஜியார் வீதியும் குத்பா பள்ளிவாசலும். சேரி புல்வாருக்கு வெளியே. 1748இல் துய்ப்ளெக்ஸ் காலத்தில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதும் இந்த ஊரில்தான். இப்போது சுற்றுலாக்காரர்கள் 'கலப்புப் பண்பாடு' என்று சொல்லும்போது எனக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. கலந்திருந்தார்கள் என்பதைவிட, பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள் என்பதே சரியாக இருக்கும்.

கலப்பு நடந்தது வீடுகளில். ஆனந்தரங்கப் பிள்ளையின் வீட்டில் கீழ்த்தளம் மரத்தூண்களோடு நம்முடையது. மேல்தளம் பிரெஞ்சுத் தூண்களோடு அவர்களுடையது. நகரம் விழுந்த அதே 1761 ஜனவரியில்தான் பிள்ளையும் இறந்தார். மனிதர்களில் இந்தக் கலப்புக்கு விலை இருந்தது. 1873இல் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வக்கீல் ஐரோப்பியச் செருப்போடு கோர்ட்டுக்குப் போய் வெளியே நிறுத்தப்பட்டார். பாரிஸ் வரை வழக்காடி ஜெயித்தார். 1881 சட்டத்தின்கீழ்த் தன் சாதி, குலவழக்குகளைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்று, லபோர்த் என்று பெயர் வைத்துக்கொண்டார். பிரெஞ்சில் லபோர்த் என்றால் கதவு.

அப்படித் துறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஒருவர் வீட்டில் 1979 முதல் நாலு வருஷம் வாடகைக்கு இருந்தேன். மாடியில் ஒரு அறை. கீழே தெருவைப் பார்த்த தாழ்வாரம், திண்ணை. வாய்க்காலுக்கு மேற்கேதான். திண்ணையில் நாங்கள் அச்சுப்படிகளைத் திருத்துவோம். தெருவில் போகிற பூக்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு எங்கள் சண்டையை அலுக்காமல் கேட்பாள். யாரும் யாரையும் 'என்ன வேணும்' என்று கேட்டதில்லை. பாரதியும் இந்த ஊரில் 1908 முதல் பத்து வருஷம் வாடகைக்காரர்தான். வாடகைக்காரனுக்கு இடம் கொடுத்த ஊர் இது.

வீட்டுக்காரரின் வாரிசுகள் ஏழு பேர், ஐந்து பேர் பிரான்சில். தேக்கு உத்தரத்தையும் சுண்ணாம்புத் தளத்தையும் பராமரிக்கப் பங்காளிகள் பணம் போடமாட்டார்கள். இடித்து அடுக்கு மாடி கட்டுவதோ ஹோட்டலுக்குக் கொடுப்பதோதான் மிஞ்சிய வழி. இண்டாக் 1984 முதல் இங்கே வேலை செய்திராவிட்டால் முதல் வழியிலேயே எல்லாம் போயிருக்கும். வைசியாள் வீதியில் வீட்டு முகப்புகளைச் சேர்த்துப் புதுப்பித்ததற்கு 2008இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. அது நியாயமான விருது. பழுதுபார்க்காத பழைய கட்டடம் என்ன ஆகும் என்பதை 2014 நவம்பர் மழையில் கடற்கரை மேரி கட்டடம் இடிந்து விழுந்து எல்லோருக்கும் காட்டியது. ஆகவே ஹோட்டல்களைத் திட்டிக் கட்டுரை எழுதுவது சுலபம்; நான் அதைச் செய்யப்போவதில்லை. வீடு நிற்கிறது. குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்பதுதான் என் கேள்வி. தையற்காரர், டைப்பிஸ்ட், பின்கட்டில் அப்பளம் போட்ட குடும்பம் இவர்களில் ஒருவருக்கும் இன்று அந்தத் தெருவில் வாடகை கட்டாது.

சென்ற மாதம் போனேன். நான் இருந்த வீட்டுக்கு இப்போது 'மெஸோன்' என்று தொடங்கும் ஒரு பெயர். திண்ணையை அழகாக மெருகேற்றியிருக்கிறார்கள். விளிம்பு நெடுகப் பித்தளைத் தொட்டிகளில் செடி. உட்கார இடமில்லை. நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சீருடைப் பையன், விழுப்புரம் பக்கத்துப் பேச்சு, மரியாதையாகவே வந்து கேட்டான்: "யாரைப் பார்க்கணும் சார்?"

ஒருவரையும் இல்லை என்றேன். போட்டோ எடுப்பதானால் ரிசப்ஷனில் கேட்டுக்கொள்ளச் சொன்னான்.