ஒரு மணி நேரம் கரன்ட், மூணு மணி நேரம் சார்ஜ்: திருப்பூரின் பேட்டரிக் கணக்கு

கேம்பர் வேன் வீடியோ பார்த்திருப்பீங்க. வண்டி ஓடும்போது இரண்டாவது பேட்டரி சார்ஜ் ஏறும். நிறுத்தினதும் ஃபேன், லைட், ஃப்ரிட்ஜ் எல்லாம் அதிலிருந்து ஓடும். எவ்வளவு நேரம் ஓட்டினா எவ்வளவு நேரம் தாங்கும்? இந்தக் கணக்கை 2012-ல் திருப்பூரே போட்டுப் பார்த்தது.

பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல் வந்த பிறகு, மலையிலிருந்து இறங்கிய மின்சாரத்தை நம்பித்தான் கொங்கு வட்டாரத்தில் மில்கள் பெருகின. எண்பது வருஷம் கழித்து, மாநிலத்தில் பற்றாக்குறை சுமார் 4,000 மெகாவாட். சென்னையில் இரண்டு மணி நேர மின்வெட்டு; மற்ற மாவட்டங்களில் பல நாள் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல்.

பெரிய கம்பெனிகள் டீசல் ஜெனரேட்டர் ஓட்டின. பத்து மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்றவங்களுக்கு டீசல் விலை கட்டுப்படியாகாது. சரி, இன்வெர்ட்டர்?

கணக்கைப் பாருங்க. ஒரு தையல் மெஷினின் அரை ஹெச்.பி. மோட்டார் ஓட, 12 வோல்ட் பேட்டரியிலிருந்து சுமார் 40 ஆம்பியர் இழுக்கும். ஆனா 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரிக்கு வழக்கமான சார்ஜ் வேகம் சுமார் 15 ஆம்பியர்தான். அதாவது, ஒரு மணி நேரம் தைக்க, கிட்டத்தட்ட மூணு மணி நேரம் சார்ஜ் ஏறணும். கரன்ட் வந்ததோ ஒரு மணி நேரம் விட்டு ஒரு மணி நேரம்.

அதனால பேட்டரி முழுசா நிரம்பவே நிரம்பாது. பாதி சார்ஜிலேயே கிடக்கிற லெட்-ஆசிட் பேட்டரியில், தகடுகள் மேல் சல்பேட் படிந்து இறுகும், ஆயுளும் குறையும். போதாததுக்கு, கரன்ட் வந்ததும் ஊர் முழுக்க இன்வெர்ட்டர்கள் ஒரே நேரத்தில் சார்ஜ் இழுக்கும். பற்றாக்குறையில் தவிக்கிற லைனுக்கு அது இன்னொரு சுமை.

இதில் அதிகம் இழந்தது பீஸ் ரேட் தொழிலாளிதான். தைச்ச பீஸுக்குத்தான் கூலி. மெஷின் நின்ற நேரத்துக்குக் காசு கிடையாது. கரன்ட் வரும்வரை காத்திருந்தா ராத்திரி ஷிப்ட்.

பல்லடம், உடுமலை பக்கம் காற்றாலைகள் நிறையவே இருந்தன. ஆனா காற்று சீசன் மே முதல் செப்டம்பர் வரைதான். அப்போ கிடைத்த மின்சாரத்தை அக்டோபருக்குச் சேர்த்து வைக்க எந்தப் பேட்டரியும் இல்லை. 2013 அக்டோபரில் கூடங்குளம் முதல் உலை மின்தொகுப்பில் இணைந்தது. அடுத்த இரண்டு வருஷத்தில் வெட்டு படிப்படியா குறைந்தது.

வேன் வாங்கும்போது எல்லாரும் பேட்டரி எத்தனை ஆம்பியர்-ஹவர்னு கேட்பாங்க. திருப்பூர்க்காரர் முதலில் கேட்பது வேற: சார்ஜ் ஏற எத்தனை மணி நேரம் கிடைக்கும்?