புற்றுநோய்ச் செவிலியத்தில் சான்றுசார் நடைமுறை

ஆய்வில் தேறிய சான்று, செவிலியரின் கைப்பழக்கமும் அனுபவ அறிவும், நோயாளியின் விருப்பம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்துப் பராமரிப்பை முடிவு செய்வது சான்றுசார் நடைமுறை எனப்படும். மருத்துவத்தில் இன்று பரவலாக எடுத்தாளப்படும் விளக்கத்தை டேவிட் சாக்கெட்டும் சகாக்களும் 1996-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினர். கிரிமியப் போரின் இறப்புக் கணக்குகளை 1858-இல் வரைபடங்களாக்கிக் காட்டிய ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலை நினைத்தால், எண்களைக் கொண்டு வாதாடுவது செவிலியத்துக்குப் புதிதல்ல. புதிய முறைகளைக் கொண்டுவருவதுதான் சான்றுசார் நடைமுறை என்று பலர் நினைக்கிறார்கள். புற்றுநோய் வார்டில் அதைவிடக் கடினமான வேலை ஒன்று உண்டு: நல்லெண்ணத்தில் தொடங்கி, பிறகு யாரும் கேள்வி கேட்காமல் விட்ட பழைய வழக்கங்களைக் கைவிடுவது.

இதற்குத் தெளிவான உதாரணம் உணவுக் கட்டுப்பாடு. கீமோவுக்குப் பின் ‘கவுண்ட்’ இறங்கிய நோயாளிக்கு, அதாவது கிருமிகளை எதிர்க்கும் நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் குறைந்தவருக்கு, பச்சைக் காய்கறியும் பழமும் ஆகாது என்பது பல நாடுகளில் பல்லாண்டு கால விதி. காரணம் கேட்க நியாயமாகவே இருக்கிறது: சமைக்காத உணவில் கிருமி இருக்கலாம், உடலில் எதிர்ப்பு இல்லை. ஆனால் நியாயமாகத் தோன்றுவது வேறு, சோதித்து அறிவது வேறு. அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் தீவிர ரத்தப்புற்று நோயாளிகள் 153 பேரை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குச் சமைத்த உணவு மட்டும், மற்றதற்குப் பச்சைக் காய்கறியும் பழமும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2008-இல் வெளியான முடிவின்படி பெரிய தொற்று சமைத்த உணவுக் குழுவில் 29 விழுக்காடு, மற்றதில் 35 விழுக்காடு. இந்த இடைவெளி தற்செயலாகவும் வரக்கூடியது. இறப்பிலும் வேறுபாடு தெரியவில்லை. இத்தாலியில் 222 பேரிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில் உணவுக் கட்டுப்பாடற்ற குழுவில் தொற்று 65 விழுக்காடு, கட்டுப்பாடு இருந்த குழுவில் 62. பயன் நிறுவப்படாத இந்த விதிக்கு நோயாளி கொடுக்கும் விலையோ சிறியதல்ல. நாக்கு மரத்து, எதைக் கண்டாலும் குமட்டுகிறவரிடமிருந்து ஓர் ஆரஞ்சுச் சுளையைப் பறிப்பது அவர் சாப்பிடக்கூடிய கொஞ்சத்தையும் குறைக்கிறது.

‘அந்த ஆய்வுகள் வடிகட்டிய காற்றுள்ள தனியறைகளில், பரிசோதிக்கப்பட்ட சமையலறைகளோடு நடந்தவை, நம் ஊர்த் தண்ணீருக்கும் தெருவோரம் வெட்டி வைத்த பழத்துக்கும் பொருந்துமா?’ என்ற எதிர்வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அது எதை நிறுவுகிறது என்று பார்க்க வேண்டும். ஆபத்து கழுவாத கையிலும், அசுத்தமான தண்ணீரிலும், ஈ மொய்த்த தட்டிலும் இருக்கிறது. அப்படியென்றால் சொல்ல வேண்டியது ‘பழம் கூடாது’ என்பதல்ல. வீட்டில் நன்றாகக் கழுவி, அப்போதே தோலுரித்துச் சாப்பிடுங்கள், வெட்டி விற்பதை வாங்காதீர்கள் என்பதுதான். சான்றை உள்ளூர் நிலைமையோடு பொருத்துவது அதை மறுப்பதாகாது.

சான்று வந்தால் செவிலியர் வெறும் விதி நிறைவேற்றுபவராகிவிடுவார் என்பது இன்னொரு குறை. ஐஸ் விஷயம் இதற்கு நேர்மாறாகப் பேசுகிறது. ஃபுளோரோயுரசில் என்ற கீமோ மருந்தை ஒரே வீச்சில் ஊசியாக ஏற்றும்போது, ஐந்து நிமிடம் முன்பே தொடங்கி அரை மணி நேரம் ஐஸ் துண்டுகளை வாயில் வைத்திருந்தால் வாய்ப்புண் குறைகிறது என்று 1991-இல் வெளியான ஆய்வு காட்டியது. குளிரில் வாயின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. மருந்தோ ரத்தத்தில் நெடுநேரம் நிற்பதில்லை. அது தணியும்வரை வாய்த்திசுவுக்குக் குறைவாகவே போகிறது. ஆனால் அதே மருந்தை இரண்டு நாள் பம்ப் வழியே ஏற்றினால் அரை மணி நேர ஐஸுக்குப் பொருளில்லை. கூடவே ஆக்சாலிபிளாட்டின் என்ற மற்றொரு கீமோ மருந்தும் போகிறதென்றால் ஐஸே கூடாது. குளிர் பட்டால் அந்த நோயாளிக்குத் தொண்டை இறுகி மூச்சு முட்டுவது போலாகலாம். மருந்துச் சீட்டைப் படித்து, யாருக்கு ஐஸ், யாருக்கு வெந்நீர் என்று பிரித்தறிவது செவிலியரின் தீர்ப்பு. அமெரிக்கப் புற்றுநோய்ச் செவிலியர் சங்கம் தன் சான்றுத் தொகுப்பில் பராமரிப்பு முறைகளைப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனத் தரம் பிரித்து வைத்ததும் இந்தத் தீர்ப்புக்குத் துணையாகத்தான், மாற்றாக அல்ல.

படிக்க நேரமில்லை என்ற முறையீடு உண்மைதான். ஆனால் முதல் தடை அதுவல்ல. சாண்ட்ரா ஃபங்க் குழுவினர் 1991-இல் அமெரிக்கச் செவிலியரிடம் ஆய்வுகளைப் பயன்படுத்தத் தடை எதுவெனக் கேட்டபோது முன்னே வந்த பதில், பராமரிப்பு முறையை மாற்றும் அதிகாரம் தங்களுக்கு இல்லை என்பது. ஐஸ் கொடுக்கச் செவிலியரே தொடங்கலாம்; உணவுப் பட்டியலை மாற்ற மருத்துவர், உணவியலாளர், சமையலறைப் பொறுப்பாளர் எல்லோரும் ஒப்ப வேண்டும். சான்றை நடைமுறைக்குக் கொண்டுவரும் படிகளைச் சொல்லி 1994-இல் வெளியான அயோவா மாதிரி இதைப் புரிந்துகொண்டே வகுக்கப்பட்டது. கேள்வி வார்டிலிருந்தே எழலாம். குழு சான்றைத் திரட்டும். மாற்றத்தைச் சிறிய அளவில் செய்து பார்த்து, விளைவை அளந்த பிறகே மருத்துவமனை முழுவதற்கும் கொண்டுபோகும். அளந்ததில் பலனில்லை என்று தெரிந்தால் அந்த மாற்றமும் கைவிடப்படும்.